உலகத்தில் இரண்டாவது ஆள்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் குத்துச்சண்டை சாம்பியன். நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். வில்லியனூரில் எங்கள் மெத்தைக் கடைக்குத் தலையணை வாங்க வருகிறவர்கள்கூட இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. தலையணையை அமுக்கிப் பார்க்கிறவரிடம், அமுக்காதீர்கள், குத்திப் பாருங்கள் என்பார். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு குத்து குத்துவார். உடனே இவர், குத்து தோளிலிருந்து வர வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அந்த ஆள் வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகும்.

புதுச்சேரி அளவில், நாற்பத்தெட்டு கிலோ பிரிவில், மீசை சரியாக முளைக்காத வயதில் வாங்கிய பட்டம் அது. அந்தப் பிரிவுக்கு லைட் ஃப்ளை வெயிட் என்று பெயர். ஃப்ளை என்றால் ஈ. அதிலும் லைட் என்றால் மெலிந்த ஈ. பெண் பார்க்க வந்த சமயம் மாப்பிள்ளை பாக்சர் என்று கேள்விப்பட்டு என் அம்மா பயந்துபோனார். கை நீட்டுகிறவராக இருந்தால் பிள்ளையின் கதி என்ன என்று அழுதுகூடப் பார்த்தார். மாப்பிள்ளையை நேரில் பார்த்ததும் அந்தப் பயம் போய் வேறு கவலை வந்தது. காற்று பலமாக அடித்தால் இவர் நிற்பாரா என்று என் அத்தாவிடம் ரகசியமாகக் கேட்டாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு எடைப் பிரிவுகளில் அவர் மளமளவென்று ஏறினார். ஈக்கு மேலே பாண்டம், அதாவது குட்டைச் சேவல். அதற்கு மேலே ஃபெதர், இறகு. அதற்கும் மேலே என்னென்னவோ. முதல் ரம்ஜானுக்குள் சேவல் ஆனார். மூத்த மகள் பிறந்தபோது இறகைத் தாண்டியிருந்தார். இரண்டாவது மகள் பிறந்தபோது எந்தப் பிரிவு என்று கேட்டேன். இலவம்பஞ்சு விலையைப் பற்றிப் பேசினார். கடையில் பஞ்சு மூட்டை நிறுக்க ஒரு மேடைத் தராசு உண்டு. ஊரில் பாதிப்பேர் அதில் ஏறித் தங்கள் எடையைப் பார்த்துக்கொள்வார்கள். இவர் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்.

ஆனால் ஒன்று. அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய், கடையைப் பார்க்க ஆளில்லாமல், கிளவுஸைக் கழற்றி வைத்தவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சு ஒட்டிய சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற சாம்பியனைத்தான்.

பேச்சுக்கு ஜோடி பண்டசோழநல்லூர்க்காரர். கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். உரம் வாங்க, மோட்டாருக்கு உதிரிப் பொருள் வாங்க என்று வாரத்தில் ஒரு நாள் வில்லியனூர் வருவார். எந்த வேலைக்கு வந்தாலும் மொபெட் முதலில் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். அவர் மூக்கு இடது பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதைச் சாய்த்தவர் என் வீட்டுக்காரர். அந்த நாற்பத்தெட்டு கிலோ இறுதிப் போட்டியில் இவரிடம் தோற்றவர் அவர். வேறு யாராவதாக இருந்தால் நம் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அவரோ கடைக்கு வருகிற முகம் தெரியாதவர்களிடமும் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இது பாய் போட்ட கையெழுத்து" என்பார்.

இரண்டு பேரும் ஒரு போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்துச் சண்டைகளைப் பார்ப்பார்கள். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், எந்த எடையாக இருந்தாலும், இவர்களிடம் தப்ப முடியாது. அறுபது கிலோக்காரனைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கணக்குப் போடுவார். என்னோடு மோத வேண்டுமானால் அவன் எடை குறைத்து இறங்கி வர வேண்டும், இறங்கினால் பலம் போய்விடும், பலம் போனவனை மூன்றாவது ரவுண்டில் முடித்துவிடுவேன். தொண்ணூறு கிலோவுக்கு மேலே இருக்கிற மலை போன்றவர்களுக்கு வேறு கணக்கு. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் முதுகுப் பக்கம் போயிருப்பேன்.

நான் அங்கேயே தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். ஒன்றைக் கவனித்தேன். என் வீட்டுக்காரர் பத்துக்கு ஒரு தடவையாவது, இவன் பரவாயில்லை, கால் நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வார். பண்டசோழநல்லூர்க்காரர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். இன்னா பாய் இப்படிச் சொல்லிட்டே என்று மனம் நொந்துபோவார். இவனெல்லாம் உன் இடது கைக்கு முன்னால் நிற்பானா என்று சண்டைக்கு வருவார். சாம்பியனைவிட சாம்பியனிடம் தோற்றவருக்குத்தான் சாம்பியன்மேல் நம்பிக்கை அதிகம்.

ஒரு நாள் உறை தைத்துக்கொண்டே கேட்டேன். அந்த வருஷம் நாற்பத்தெட்டு கிலோவில் மொத்தம் எத்தனை பேர் இருந்தீர்கள்?

என் வீட்டுக்காரர் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். நண்பர் மின்விசிறியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர். ஒருவர் எடை பார்க்கும்போது கூடுதலாக இருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்னொருவர் வீட்டில் அறுப்பு என்று வரவே இல்லை. ஆக, இறுதிப் போட்டி என்று இத்தனை வருஷம் நான் கேட்டுவந்ததுதான் முதல் போட்டியும்.

நான் சிரித்து முடிக்கிறவரை பண்டசோழநல்லூர்க்காரர் பொறுமையாக இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ரெண்டு பேர்தான் தங்கச்சி. ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு பேருமே ஒலகத் தரம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வீட்டுக்காரர் உலகத்தில் முதல் ஆள் என்றால், அவரிடம் மூன்று ரவுண்டு நின்று தோற்றவர் உலகத்தில் இரண்டாவது ஆள். கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போதும், ஆலையில் வண்டி வரிசையில் காத்துக் கிடக்கும்போதும், அந்த மனிதர் அந்த இடத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஒரு மாலை கடைக்கு ஒரு பயிற்சியாளரும் ஒரு பெண்ணும் வந்தார்கள். வில்லியனூர் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அவர் பிள்ளைகளுக்குப் பாக்சிங் சொல்லிக் கொடுக்கிறாராம். பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைக்கிறார்கள், பழைய சாம்பியன் வந்து மெடல் கொடுக்க வேண்டும் என்று அழைக்க வந்திருந்தார். பெண் காட்டேரிக்குப்பம். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். இவள் தினமும் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறாள். கல்லூரியில் படிக்கிறாள். என் சின்ன மகளைவிட ஒல்லி. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை. அவளும் நாற்பத்தெட்டு கிலோ பிரிவுதான் என்றதும் என் வீட்டுக்காரர் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். எனக்கு அவர் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

வழக்கமான பிரசங்கம் தொடங்கியது. எங்கள் காலத்தில் ஹெட்கார்டு ஏது, புரோட்டீன் பவுடர் ஏது, கிளவுஸில் பஞ்சே இருக்காது என்றெல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எட ஏறிட்டா இன்னா சார் பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வியில் அவர் முகம் மாறிப்போனது. போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடியது, கடைசிக் கொஞ்சம் எடை குறையாததால் வாயில் புளியங்காயை அடக்கிக்கொண்டு எச்சில் துப்பிக்கொண்டே இருந்தது எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையாட்டினாள். இப்பவும் அதேதான் சார், புளியங்காய்க்குப் பதில் சூயிங்கம் என்றாள். அதன்பிறகு அவர் அந்தக் காலம் இந்தக் காலம் என்று பேசவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி இருவரும் பட்டினியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத ஒரு மனிதர் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

போட்டி நாளன்று நாங்கள் பாகூர் போனோம். பண்டசோழநல்லூர்க்காரர் எங்களுக்கு முன்பே வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணமக்கள் உட்காருகிற மேடைக்குக் கீழே ரிங் கட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் யார் கல்யாணத்துக்கோ வைத்த தெர்மாகோல் மயில் அப்படியே இருந்தது. காலையிலிருந்து சண்டைகள் நடந்தன. அந்தப் பெண் தன் பிரிவில் இரண்டு பேரை வென்றாள். குத்துகிறாள் என்று தெரிவதற்குள் கை திரும்பி வந்துவிட்டிருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். நண்பர் மட்டும் ஒவ்வொரு குத்துக்கும், இது பாயோட குத்து, பாயைப் பார்த்துக் கத்துக்கிட்ட மாதிரி கீது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மெடல் கொடுத்து முடித்ததும் நண்பரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரிடம் மைக்கைக் கொடுத்திருக்கவே கூடாது. மைக்கைப் பிடித்தவர், தன் மூக்கின் வரலாற்றைச் சொன்னார். அடுத்து, இந்த மண்டபத்தில் இருக்கிற எந்த எடைக்காரர் வந்தாலும் பாய் இன்றைக்கும் ஒரு ரவுண்டு நிற்பார் என்றார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். யாரோ அந்தப் பெண்ணைப் பார்த்து, அக்கா போங்கக்கா என்று கத்தினார்கள்.

வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பியையும் கண்ணாடியையும் போனையும் கழற்றி என் மடியில் வைத்தார். பயிற்சியாளர் பயந்துபோய், பஞ்சு கனமான கிளவுஸ்தான், தலையில் குத்தக் கூடாது, ஒரே ரவுண்டு, அதுவும் பாதி நேரம் என்று நிபந்தனை போட்டார். நண்பர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரின் மூலையில் போய் நின்றார்.

மணி அடித்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. சட்டைக்கு மேலே முன்னால் வந்த தொப்பை, அதற்கு மேலே உயர்ந்த இரண்டு பெரிய கிளவுஸ். அவள் சுற்றி வந்தாள். முதல் குத்தை மெதுவாகத்தான் விட்டாள். அவர் கொஞ்சமாக, பக்கத்தில் யாரோ கூப்பிட்டது போல, உடம்பைத் திருப்பினார். குத்து காற்றில் போனது. இரண்டாவதும் அப்படியே. அவள் புருவம் உயர்ந்தது.

நான் அவர் கால்களைப் பார்த்தேன். கடையில் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற அதே கால்கள். அவை நுனிவிரலில் நின்று, சத்தமே இல்லாமல், அவளுக்கு வழி விடுவதும் வழியை அடைப்பதுமாக இருந்தன. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கால்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூலையிலிருந்து நண்பர், "கோஷ், பாய், கோஷ்" என்று கத்தினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த பென்ஷன்காரர் ஒருவர்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இடது கை என்பதற்கு அவர் சொன்ன சொல் அது. என் வீட்டுக்காரரின் இடது கை தானாக நீண்டது. அந்தப் பெண்ணின் தோளில் பட்டது. மண்டபமே கைதட்டியது.

பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால்கள் கனத்தன. அவள் தோளைத் தொட்டாள், விலாவைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். குத்தவில்லை, தொட்டாள். பெரியவரை விழாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி. அவர் கையை வீசியபோது வேண்டுமென்றே நகராமல் நின்று வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

கையை இறக்கிவிட்டு, "விட்டுக் குடுக்காதம்மா. ஒண்ணு ஒழுங்கா குடு" என்றார்.

அவள் பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு ஒன்று கொடுத்தாள். வயிற்றின் வலது பக்கம், குட்டையாக, பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் எதையோ யோசிக்கிறவர் போல் ஒரு கணம் நின்றார். பிறகு, சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் மாதிரி, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நான் எழுந்து ஓடுவதற்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து சாரி சார், சாரி சார் என்று அழாத குறையாக இருந்தாள். அவர் கிளவுஸோடு அவள் தலையைத் தட்டினார்.

ரகளை செய்தது பண்டசோழநல்லூர்க்காரர்தான். கயிற்றுக்குள் நுழைந்து, இது செல்லாது என்றார். எடை பார்க்காமல் எப்படிச் சண்டை விட்டீர்கள், பாய் எந்தப் பிரிவு, அந்தப் பெண் எந்தப் பிரிவு, இரண்டு பிரிவுக்காரர்களை மோத விடலாமா என்று பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டார். எந்த எடைக்காரர் வந்தாலும் என்று மைக்கில் சொன்னது நீங்கள்தானே என்று பயிற்சியாளர் கேட்டதும் நண்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மாலையில் மண்டப வாசலில் டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். "உண்மையச் சொல்லணும்பா. நான் அந்த வயசுல இருந்தாக்கூட இந்தப் பொண்ணு ஜெயிச்சிருக்கும். நான் ரெண்டாவதுதான்."

நண்பர் டீ கிளாஸை வைத்துவிட்டார். "அப்ப நான்?"

"நீ மூணாவது" என்றார் இவர், யோசிக்காமல்.

நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கரும்பு வெட்டு நேரம் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் உரக்கடைக்காரர், அவர் நேற்றுத்தான் வந்து மூட்டை எடுத்துப் போனார் என்றார். நம் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார். அன்றைக்கு இவர் தலையணை வாங்க வந்த ஒருவரிடமும் குத்திப் பார்க்கச் சொல்லவில்லை. போனில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை. எனக்கே தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட்டதும், ஸ்கூட்டரை எடுங்க மச்சான், பண்டசோழநல்லூர் போய்விட்டு வரலாம் என்றேன். நான் சொல்லக் காத்திருந்தவர் போல உடனே கிளம்பினார்.

நண்பர் தன் வீட்டு முன்னால் களத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்று முறையாகக் கூப்பிட்டார், முகம் கொடுக்கவில்லை. இவரும் மழை, கரும்பு, ஆலை என்று சுற்றி வளைத்தார். அவர் வீட்டம்மா எனக்கு மோர் கொடுத்து உள்ளே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்.

"ஒலகத்துல ரெண்டாவது ரெண்டாவதுன்னு சொல்லிக்கினே இருப்பாருக்கா. நான் ஒண்ணும் கேட்டுக்கறதில்ல. அந்த நெனப்புல காலைல வெரசா எழுந்து கரும்புக் கொல்லைக்குப் போவாரு. இப்ப ரெண்டு வாரமா வெயில் ஏறித்தான் எழுந்திருக்கறாரு."

வெளியே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அந்தப் பெண் விஷயத்தை நன்றாக யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் பிரிவு தனி, ஆண்கள் பிரிவு தனி. இரண்டையும் சேர்த்துப் பட்டியல் போடுவது தப்பு. தவிர, அன்றைக்கு எனக்குக் காலையில் மாத்திரை போட்டதும் தலை சுற்றல். தவிர, ரிங் வழுக்கியது. வழுக்காத ரிங்கில், அந்த வயதில், நான் மூன்றாவது ரவுண்டில் முடித்திருப்பேன்.

நான் வாசலுக்கு வந்ததைப் பார்த்து நண்பர், "நீ இன்னா சொல்றே தங்கச்சி?" என்றார்.

இத்தனை வருஷமாக இவரைக் கிண்டல் செய்தே பழகிய வாய். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி கெஞ்சலாகப் பார்த்தார். ரிங் வழுக்கத்தான் செய்தது அண்ணே, நானே பார்த்தேன் என்றேன்.

நண்பர் கட்டிலை விட்டு எழுந்தார். நான் அன்னைக்கே சொன்னேனே, செல்லாதுன்னு சொன்னேனே என்று பேச ஆரம்பித்தவர், நாங்கள் கிளம்புகிறவரை நிறுத்தவில்லை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கட்டுக் கரும்பைத் திணித்து அனுப்பினார்.

நெட்டப்பாக்கம் தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவர் காதருகே குனிந்து, உண்மையைச் சொல்லுங்கள், அந்த வயதில் இருந்தால் அந்தப் பெண்ணை ஜெயித்திருப்பீர்களா என்று கேட்டேன். எதிரே வந்த கரும்பு வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டார்.

"ஜெயிச்சிருக்க மாட்டேன். ஆனா மூணு ரவுண்டும் நின்னிருப்பேன்."

அதை நான் நம்பினேன். அந்தக் கால்களை நான் பார்த்திருக்கிறேன்.